எல்லாத் தரைக்கும் ஆகுற டயரு

ஓடைக்காளி துணை

கீழக்கரிசல்பட்டி
ஐப்பசி 5, புதன்

மருமகன் பீமாராவுக்கு அத்தை தங்கப்பொண்ணு எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ நல்லாத்தான் இருப்ப, ஒனக்கு என்ன கேடு.

போன் இருக்கைல கடுதாசி எதுக்குன்னு யோசிப்ப. ஒம் போன எடுக்க மாட்டேன். ஆடியில புது வண்டியக் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்துனப்ப சந்தனம் குங்குமம் வச்சேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். அம்புட்டு சனத்துக்கும் முன்னால கிறுக்குத்தனம் பண்ணாதீங்கன்னு சொல்லிப்புட்டு, பெயிண்டு போயிரும்னு காயிதத்த எடுத்துத் தொடச்ச. மூக்குத் தொடைக்கிற காயிதம். அன்னைக்கே சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், இனி ஒங்கூடப் பேசுறதில்லன்னு. எழுதுறது பேச்சுல சேராதுன்னு ஒங்க மாமா சொல்லிட்டாரு. அவரு பூசாரி, அவரு சொன்னாச் சரி.

விசயத்துக்கு வாரேன். கார்த்திகை மூணாம் வெள்ளி ஆத்தா பெட்டி நம்ம வீட்டுலருந்து கோயிலுக்குப் போகணும். ஒரு வாரம் அங்க இருந்துட்டுக் கடைசி வெள்ளி வீட்டுக்குத் திரும்பணும். வருசா வருசம் ஒங்க மாமாதான் தலையில வச்சு ஓடைப் பாதையில சுத்திக்கிட்டுப் போவாரு. போன வருசம் மழையில கரிசச் சகதி மனுசனத் தொடை வரைக்கும் முழுங்கிருச்சு. பெட்டிய மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. பெட்டியில ஒரு பொட்டு மண்ணு படல. இடுப்புதான் போச்சு. இன்னைக்கு வரைக்கும் நேரா நிக்க முடியல. அவருக்கு முடியலன்னா முறை உள்ள ஆளு கொண்டு போகணும். எங்களுக்குப் பையன் கெடையாது. முறைன்னு பாத்தா நீதான் வார, என்ன செய்ய.

தலையில தூக்கச் சொல்லல, பயப்படாத. ஒன் கழுத்து அதுக்குத் தாங்காது. வண்டியில ஏத்திக்கிட்டுப் போ. நாலு சக்கரமும் சேந்து இழுக்கும், மலையே ஏறும்னு அளந்தேல்ல. ஆனா ஒன் டயரப் பாத்தேன். பழனிக்குப் போயிட்டு வந்த மண்டை மாதிரி வழவழன்னு இருக்கு. அத வச்சு ஓடைக்குள்ள எறங்குனா நீயும் ஆத்தாளும் அங்கனக்குள்ளயே குடியிருக்க வேண்டியதுதான். முண்டும் முடிச்சுமா ஒரு டயரு இருக்காமே. ரோகிணிதான் சொல்லுச்சு. ராத்திரி பகலா நீ போன்ல அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கியாம். கட்டுன பொண்டாட்டிக்கு அந்த மொகத்தக் காட்டுனா அது ஏன் எங்கிட்டப் பொலம்புது. பாத்தது போதும், வாங்கி மாட்டு.

அத்தை
தங்கப்பொண்ணு

*

காளவாசல், மதுரை
29.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. பேசமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு இரண்டு பக்கத்துக்குத் திட்டுவதற்கு உங்கள் சாமி அனுமதி கொடுத்திருப்பது ஆச்சரியமாக இல்லை. உங்கள் வசதிக்குத்தான் அது என்றைக்கும் பேசும்.

ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு பழைய பட்டுச்சேலை, கைப்பிடி போன ஒரு சூலம், கொஞ்சம் மஞ்சள். இதைச் சகதிக்குள் தூக்கிக்கொண்டு போய் சின்னான் மாமா இடுப்பை ஒடித்துக்கொண்டதில் பக்தி எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மாமாவுக்காக வருகிறேன். டயர் எப்படியும் மாற்றத்தான் போகிறேன்.

அது நீங்கள் நினைப்பதுபோலக் கடைக்குப் போய் முண்டும் முடிச்சுமாக ஒன்று கொடு என்று கேட்கிற காரியம் இல்லை. டயரில் மூன்று ரகம் உண்டு. இப்போது என் வண்டியில் இருப்பது தார்ச்சாலைக்கானது. சகதிக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது, அதை மாட்டினால் மழை நேரத்தில் தார் ரோட்டில் பிரேக் சரியாகப் பிடிக்காது. நடுவில் ஒரு ரகம், ஆல் டெரெய்ன் என்பார்கள். எல்லாத் தரைக்கும் ஆகிற டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே பள்ளம் எவ்வளவு அகலம், பக்கச்சுவர் எவ்வளவு தடிமன் என்றெல்லாம் பார்க்க வேண்டும். என் வண்டி சின்னது. ஒரு அளவு கூடினாலும் ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் உங்கள் கரிசல் மண்தான். செம்மண்ணும் மணலும் டயரிலிருந்து உதிர்ந்துவிடும். கரிசல் பசை மாதிரிப் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் எந்த டயரும் மொட்டை டயர்தான். அதனால்தான் இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறேன். ஓடையில் சகதி எவ்வளவு ஆழம் என்று யாரையாவது குச்சியால் அளந்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் அதிலும் ஆத்தா வந்துவிடுவாள்.

பீமாராவ்

*

ஓடைக்காளி துணை

கீழக்கரிசல்பட்டி
ஐப்பசி 16, ஞாயிறு

மருமகனே,

குச்சிய விட்டு அளந்து பாத்தேன். குச்சி போயிருச்சு. இதுதான் ஆழம், எழுதிக்க.

ஒன் கடுதாசிய ஒங்க மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். பக்கச்சுவரு தடிமன்ங்கிற எடத்துல தூங்கிட்டாரு. ஏண்டா, ரோகிணிய ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, காப்பி குடிச்சு முடிக்குமுன்ன சரின்னுட்ட. ஒரு டயருக்கு ஆடியிலருந்து ஐப்பசி வரைக்கும் பாக்குற. அதுவும் எந்த வண்டிக்கு? காளவாசல்லருந்து ஆபீசு, ஆபீசுலருந்து காளவாசல். ஞாயித்துக்கெழம பிரியாணி வாங்க ஒரு நடை. அந்த வண்டி மண்ணக் கண்ணால கண்டிருக்குமா?

ஆத்தாளத் தகரப் பெட்டிங்கிற. நீ இஞ்சினீயரு காலேசுல சேந்த அன்னைக்கு ஒங்க அப்பன் எங்கண்ணே அந்தத் தகரப் பெட்டி முன்னால நெடுஞ்சாங்கெடையா விழுந்து கெடந்தாரு. கும்புடாட்டிப் போ. ஆத்தா ஒன் கும்புடுக்குக் காத்துக்கிட்டு இல்ல. மழ நிக்காமப் பெய்யுது, பருத்திக்காட்டுல தண்ணி கட்டி நிக்குது. நீ டயர மாட்டுற வழியப் பாரு. பாதைய மட்டும் மாத்தச் சொல்லிறாத. அது ஆத்தா தானா நடந்து காட்டுன பாதை, அதான் அவளுக்கு ஓடைக்காளின்னு பேரு. வாசப்படிய விட்டு எறங்குனா ஓடை, ஓடைய விட்டு ஏறுனா கோயிலு. வேற வழி அவளுக்குக் கெடையாது.

தங்கப்பொண்ணு

*

காளவாசல்
8.11.2025

அத்தைக்கு,

நேற்று சிம்மக்கல்லில் டயர் கடை அப்துல் ஹலீம் பாயிடம் போயிருந்தேன். நான் மனதில் வைத்திருந்த டயரை இறக்கி வைத்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் கேட்டார். "தம்பி, வண்டி எங்க எங்க போகும்?" கோயில் பெட்டி, ஓடைப் பாதை, கரிசல் எல்லாம் சொன்னேன். பாய் கேட்டுவிட்டு, "ஏன், அந்தக் கோயிலுக்குத் தார் ரோடு கெடையாதா?" என்றார்.

இருக்கிறது என்றேன். டி. கல்லுப்பட்டியிலிருந்து வருகிற தார் ரோடு கோயில் வாசலைத் தொட்டு, ஊர்ப் பொது மந்தையைக் கடந்து, மேலத்தெரு வழியாக நம் தெருவுக்குள் வந்து முடிகிறது என்றேன். "அப்ப அதுல போக வேண்டியதான. எதுக்கு எங்கிட்ட வந்து டயரு கேக்குறீங்க?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். டயரை உருட்டி உருட்டிப் பார்த்தேன். கடைசியில், "அது சாமி பாதை பாய்" என்றேன். உங்கள் வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

அத்தை, அது ஆத்தா நடந்து காட்டிய பாதை இல்லை. எங்கள் தெருவழியே உங்கள் சாமி வரக்கூடாது என்று மேலத்தெருக்காரர்கள் சொன்ன பிறகு மிச்சம் இருந்த பாதை. அதில் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாமி பாதை என்று பேர் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் பக்தி முழுக்க இதுதான். விரட்டிவிட்ட இடத்தில் ஒரு சூடத்தைக் கொளுத்தி வைப்பது.

டயர் வாங்காமல் திரும்பிவிட்டேன். மூன்றாம் வெள்ளி வருவேன். இந்த மொட்டை டயரோடு, தார் ரோட்டில், மந்தை வழியாக. சம்மதமென்றால் எழுதுங்கள். இல்லையென்றால் வேறு முறைக்காரனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீமாராவ்

*

ஓடைக்காளி துணை

கீழக்கரிசல்பட்டி
ஐப்பசி 27, வியாழன்

பீமாராவு,

ஒன் கடுதாசி வந்துச்சு. வாசிச்சேன். ஒங்க மாமாவுக்கு வாசிச்சுக் காட்டல.

பெரிய கண்டுபிடிப்பு. சிம்மக்கல்லு வரைக்கும் போயி, பாய் சொல்லித்தான் ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதாக்கும்? நான் இந்தத் தெருவுல பொறந்து இந்தத் தெருவுலயே வாக்கப்பட்டவ. யாரு சொன்னாங்க, எந்தத் திட்டுல நின்னு சொன்னாங்க, அதக் கேட்டு நம்மாளுக எப்படித் துண்ட அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரும்புனாங்க, அம்புட்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மஞ்சத்தண்ணி தெளிச்சோம். போகச் சொன்ன வழின்னு நெனச்சுக்கிட்டுப் போனாத் தல குனியும். ஆத்தா வழின்னு போனாக் குலவ போட்டுக்கிட்டுப் போகலாம். நாங்க குலவ போட்டுக்கிட்டுப் போனோம். நீ படிச்சவன், அதுல ஒரு சூடத்தத்தான் கண்ட.

சரி, நீ எந்த வழியில வந்த? அதச் சொல்லு. ஆடியில மந்தை வழியாத்தான் வந்த. மேலத்தெரு வெள்ளைத்துரை வண்டிய மறிச்சு, யாரு வண்டி, டிரைவராச் சேந்திருக்கியான்னு கேட்டாரு. நீ பதில் சொல்லாம வந்துட்ட. ரோகிணி எங்கிட்டச் சொல்லிருச்சு, அதுக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பொறகு புரட்டாசியில ஒங்கப்பனுக்குத் திதி குடுக்க வந்தேல்ல. அப்ப ஏன் ஓடை வழியா வந்த? அன்னைக்குச் சகதி கெடையாது, காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. வண்டிய மேடு பள்ளத்துல ஓட்டிப் பாத்தேன்னு சொன்ன. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த வண்டி ஓட்டிப் பாத்துக்கிட்டு வந்த வண்டி இல்ல. பதுங்கி வந்த வண்டி. நாங்களாச்சும் ஆத்தா பேரச் சொன்னோம். நீ டயரு பேரச் சொல்ற. நாலு மாசமா அந்தப் போன நோண்டி நோண்டிப் பாத்தது எதுக்குன்னு நெனைக்க? மந்தைப் பக்கம் போகாம வந்து போறதுக்கு ஒரு டயரு. அம்புட்டுத்தான்.

இன்னொண்ணும் கேட்டுக்க. இன்னைக்கு நாங்க மந்தையத் தாண்டிப் போறோம், வாரோம். ரேசன் கடைக்கு, பஸ்ஸுக்கு, எல்லாத்துக்கும். யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. சாமிய மட்டுந்தான் சுத்திக் கொண்டு போறோம். அதையும் நேராக் கொண்டு போவேன்னு நீ வாயால சொல்லிட்ட. வந்து ஓட்டிட்டுச் சாயங்காலம் காளவாசல் போயிருவ. மறுநாள் விடிஞ்சா மேலத்தெருக்காரங்க காட்டுல பருத்தி எடுக்கப் போறவ நான். ஒனக்கு என்ன, வீரத்தக் கடுதாசியிலயே முடிச்சுக்கிட்ட.

யோசிச்சு எழுதுறேன். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு.

தங்கப்பொண்ணு

*

காளவாசல்
22.11.2025

அத்தைக்கு,

யோசித்து எழுதுகிறேன் என்றீர்கள். எழுதவில்லை. புரிந்துகொண்டேன்.

புரட்டாசியில் வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் அந்த வழியில் வந்தேன். நம்பாவிட்டால் போங்கள்.

பருத்திக்காடு பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை. அங்கே இருக்கப்போவது நீங்கள். நான் இங்கிருந்து வீரம் பேசுவதில் அர்த்தமில்லை. உங்கள் வழியிலேயே, ஓடை வழியாகவே வருகிறேன். இன்று காலை ஹலீம் பாய் கடையில் நான்கு டயரையும் மாற்றிவிட்டேன். ஆல் டெரெய்ன்தான், பழைய அளவுதான். சகதியில் இறங்குமுன் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் டயர் பரந்து நிற்கும், ஏறி வந்துவிடலாம் என்றார். இந்த முறை எந்த ரோடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன், சாமி பாதை என்று. நன்றாகப் பழகிவிட்டது.

மாமாவிடம் சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் மண் படாது.

பீமாராவ்

*

ஓடைக்காளி துணை

கீழக்கரிசல்பட்டி
கார்த்திகை 6, சனி

மருமகனே,

இம்புட்டு நாளு எழுதாம இருந்தது ஒனக்குப் பயந்தில்ல. ஒங்க மாமாகிட்டச் சொல்லி, அவரு ரெண்டு நாளு சாப்புடாம மொறைச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்து, பொறகு எந்திரிச்சு, ஆத்தாகிட்டப் பூக் கட்டிக் கேட்ருவோம்னாரு. வெள்ளப் பூ வந்தா ஓடை, செவப்புப் பூ வந்தா மந்தை. நேத்து வெள்ளிக்கெழமை கேட்டோம். அடுத்த வீட்டுப் பிள்ளைய விட்டு ஒரு பொட்டலத்த எடுக்கச் சொன்னோம். செவப்பரளி வந்துச்சு.

பொட்டலம் கட்டுனது நான். ரெண்டுலயும் செவப்பரளிதான் வச்சேன். நீ கெக்கெக்கென்னு சிரிப்ப. சிரி. வருசா வருசம் சகதி வழியாப் போயி வந்த ஆத்தாகிட்டப் போயி ஒனக்குத் தார் ரோடு வேணுமா சகதி வேணுமான்னு கேக்குறதே தப்பு. அதான் கேக்கல. ஒங்க மாமா கண்ணு கலங்கி ஆத்தாளே சொல்லிட்டாள்னாரு. அவருகிட்ட மூச்சு விட்ட, தொலச்சுருவேன்.

மந்தை வழியா வா. மொட்டை டயரே போதும். ஒன் மொகத்துக்கு அதுதான் பொருத்தம்.

தங்கப்பொண்ணு

*

ஓடைக்காளி துணை

கீழக்கரிசல்பட்டி
கார்த்திகை 21, ஞாயிறு

மருமகன் பீமாராவுக்கு,

என் கடுதாசி ஒனக்கும் ஒன் கடுதாசி எனக்கும் குறுக்க குறுக்கப் போயி, மொட்டை டயரோட வான்னு சொன்னா முதலத்தோலு டயரோட வந்து நிக்கிற. வெள்ளிக்கெழமை வண்டிக்குள்ள ஒரு வார்த்தை பேச முடியாம நான் பட்ட பாடு ஆத்தாளுக்குத்தான் தெரியும். கொட்டித் தீக்கணும்னுதான் இத எழுதுறேன்.

மேலத்தெரு வந்ததுலருந்து நீ ஸ்டீரிங்க விட்டுக் கண்ண எடுக்கல. கழுத்த வேற வெறச்சுக்கிட்ட. அதனால அங்க நடந்தது ஒனக்குப் பாதி தெரியாது. பாத்தவ நான், சொல்றேன் கேளு.

அந்த டயரு தார் ரோட்டுல ஙொய்ங்குன்னு வண்டு மாதிரி கத்திக்கிட்டு வருது. சத்தமில்லாமத் தாண்டிப் போயிறலாம்னு நீ நெனச்சிருப்ப. மேலத்தெருவுல ஒரு வாசல் பாக்கியில்லாம எட்டிப் பாத்துச்சு. பின்னால ஒங்க மாமா மடியில பெட்டிய வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டாரு. கும்புடுறாரா பயப்படுறாரான்னு எனக்கே தெரியல. நான் கண்ணாடிய எறக்கி விட்டேன். குலவ போட்டேன். ஒத்தக் குலவ, காரு சன்னல்லருந்து. காலுல நடந்து போடுறப்ப இருக்குற மாதிரி வராது, ஆனாலும் வந்துச்சு.

மந்தையில வெள்ளைத்துரை எந்திரிச்சு வந்து ஒன் சன்னல்கிட்டக் குனிஞ்சாரு. ஓடைக்கு என்னாச்சுன்னு கேட்டாரு. நீ வாயத் தொறந்த, காத்துதான் வந்துச்சு. ஆபீசுல இங்கிலீசுல பேசுவியாமே, அதையாச்சும் பேசிருக்கலாம். அவரு வண்டியச் சுத்தி வந்து, டயரக் காலால ஒரு ஒதை விட்டாரு. என்னத்துக்கு இம்புட்டுப் பெரிய டயருன்னாரு. அப்ப நான் சொன்னேன்.

"எல்லாத் தரைக்கும் ஆகுற டயராம். இந்தத் தரைக்கும் ஆகுதான்னு பாக்க வந்தோம்."

அவரு என்னைப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சு, குனியாம அவரப் பாத்தது அன்னைக்குத்தான். பொறகு அவரு போயி உக்காந்துக்கிட்டாரு. அந்தாண்ட நின்ன பயலுக ரோட்டுக்குக் குறுக்க பைக்க நிறுத்தி வச்சிருந்தாங்கல்ல, அத அவனுக எடுக்கல. நீ ஹாரன் அடிக்கல. எறங்கிப் பேசல. ஓரமாக் கெடந்த ஜல்லிக் குமியல் மேல அப்படியே ஏத்துன. வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு, ஒங்க மாமா ஆத்தான்னு கத்தி, ஜல்லி நாலா பக்கமும் தெறிச்சு, இந்தப் பக்கம் எறங்கிருச்சு. டயரு வாங்குனதுல அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் அர்த்தம் உண்டு. அதச் சொல்லித்தான் ஆகணும். கோயில் வாசல்ல எறங்கி நீ வாந்தி எடுத்ததையும் பாத்தேன். ரோகிணிகிட்டச் சொல்ல மாட்டேன். சொல்லத் தோணுச்சுன்னாச் சொல்வேன்.

இப்ப நடப்பு என்னன்னா, நேத்து காலையில பருத்தி எடுக்கக் கூப்புடல. என்னைய மட்டுமில்ல, நம்ம தெருவுல ஒருத்தரையும் கூப்புடல. கல்லுப்பட்டிப் பக்கம் இருந்து ஆட்டோவுல ஆள் ஏத்திக்கிட்டு வந்தாங்க. மழையில நனஞ்ச பருத்தி, வந்தவளுகளுக்கு அத எடுக்கத் தெரியல. பாதிச் செடிய ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காளுக. நம்ம தெருப் பொம்பளைக எல்லாம் எங்க வாசல்ல வந்து உக்காந்துட்டாளுக. ஒன்னாலதான்டின்னு ரெண்டு பேரு என்னையத் திட்டுனாளுக. திட்டிட்டு அடுத்து என்ன செய்யன்னு கேட்டாளுக. எங்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு. எத்தன நாளைக்கு இப்படின்னும் தெரியாது. எங்க சின்னப் பொண்ணு காலேசுக்கு இந்தப் பருத்திக் கூலியத்தான் நம்பிருந்தேன். ராத்திரி தூக்கம் வரல, அது உண்மை.

ஒங்க மாமா திரும்பவும் ஓடை வழியாவே போயிருவோமான்னு கேட்டாரு. இடுப்பப் பிடிச்சுக்கிட்டே கேக்குறாரு. ஆத்தா செவப்புப் பூ குடுத்துட்டாள்லன்னேன்.

வார வெள்ளிக்கெழமை பெட்டி கோயில்லருந்து வீட்டுக்குத் திரும்பணும். அதே வழிதான். நீ வாரதுன்னா வா. ஆபீசுல லீவு இல்ல, ஜல்லியில டயரு கீறிருச்சு, பாய் கடையில காமிக்கணும்னு ஏதாச்சும் எழுதுறதா இருந்தா எழுது, வாசிச்சுச் சிரிக்க இங்க இப்ப வேலையில்லாத பொம்பளைக நிறைய இருக்காளுக. நீ வரலைன்னா நானே தலையில வச்சுத் தூக்கிட்டு வருவேன். பொம்பளை தூக்குனதில்லன்னு ஒங்க மாமா சொல்வாரு. சொல்லட்டும். எனக்கு முட்டி வலிதான், ஏறி எறங்க முடியாது. ஆனா அது தார் ரோடு. சமமாத்தான இருக்கு.

அத்தை
தங்கப்பொண்ணு